அமெரிக்காவில் கிடைத்த பழைய கோல்ட் .32 பாக்கெட் பிஸ்டலின் வயதையும் விலையையும் எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வேலையாக, பிஸ்டலை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: பாலிஷ் வேண்டவே வேண்டாம். துணியால் அழுத்தித் தேய்க்கக்கூட வேண்டாம்.

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மா ஒருவர், கணவர் காலமான பிறகு அவருடைய மேசை டிராயரில் கோல்ட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் .32 பிஸ்டல் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார். ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியில், 1897 என்று பொறித்திருக்கிறது. மங்கிப்போய்க் கிடப்பதால் மெருகேற்றி விற்கலாமா என்று எச்1பி விசாவில் இருக்கும் உங்களிடம் யோசனை கேட்கிறார். பழைய கோல்ட் பிஸ்டல்களை வெகு நாளாகச் சேர்த்துவருபவன் நான். அந்த மங்கலில்தான் விலையே இருக்கிறது என்பதால் பதறிப்போய் எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலரும் நினைக்கிறார்கள். மேகசின் இல்லாதபோது சுடாமல் தடுக்கும் பாகம் இந்த மாடலில் 1926 வாக்கில்தான் வந்தது. அதற்கு முந்தியதில் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தால், மேகசினை எடுத்த பிறகும் வெடிக்கும். சுத்தியல் ஸ்லைடுக்குள் மறைந்திருப்பதால், அது இழுபட்ட நிலையில் இருக்கிறதா என்பதும் வெளியே தெரியாது. விஷயம் தெரிந்த உள்ளூர் கடைக்காரர் ஒருவர் வந்து பார்க்கட்டும். நீங்கள் தொட வேண்டாம். உங்களைப் போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. “இரண்டு நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டுமே” என்று அவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். போட்டோ பிடித்து உதவினாலே போதும்.

இனி அந்த 1897. அது தயாரித்த வருடம் இல்லை. இதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் வாங்கிய காப்புரிமையின் தேதி: 1897 ஏப்ரல் 20. பிந்தைய பிஸ்டல்களில் பக்கத்திலேயே 1903 டிசம்பர் 22 என்றும் இருக்கும். இந்த மாடல் கோல்ட்டின் ஹார்ட்ஃபோர்ட் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியதே 1903-ல்தான். இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1898-க்குள் செய்தது என்றால் அமெரிக்கச் சட்டத்தில் ‘பழம்பொருள்’, கூட்டாட்சிக் கட்டுப்பாடுகள் மிகக் குறைவு. காப்புரிமைத் தேதியை நம்பி அப்படி விற்கப் புறப்பட்டால் வம்பில் மாட்டிக்கொள்வார். 50 வருடம் தாண்டியதால் இது சேகரிப்புப் பொருள் என்ற பிரிவில் வரும், அவ்வளவுதான்.

வயதைச் சொல்வது ஃபிரேமின் (ஸ்லைடுக்குக் கீழே உள்ள சட்டகம்) இடப்பக்கம் இருக்கும் சீரியல் நம்பர். 72,000-க்குக் கீழே என்றால் முதல் வகை, குழல் 4 அங்குலம். அதிலிருந்து 1,05,050 வரை இரண்டாம் வகை, குழல் 3¾ அங்குலமாகக் குறுகிவிட்டது. இந்த இரண்டிலும் குழலின் முனையில் தனியாகக் கழலும் ஒரு வளையம் இருக்கும். 1910-க்குப் பிந்திய மூன்றாம் வகையில் அது கிடையாது. 4,68,097-லிருந்து நான்காம் வகை, மேலே சொன்ன மேகசின் தடுப்பு இதில்தான் வருகிறது. துல்லியமான வருடத்துக்குக் கோல்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் நம்பரைத் தட்டிப் பார்க்கலாம். கைப்பிடித் தகட்டையும் பாருங்கள். 1920-களின் நடுப்பகுதிவரை கறுப்பு ரப்பர், பிறகு வால்நட் மரம். நம்பர் 1912-ஐக் காட்டும் பிஸ்டலில் மரத்தகடு இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கலாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது ஆலையில் போட்ட நீலப்பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. மறுபூச்சு கண்டால் விலை பாதியாகிவிடுவது சாதாரணம். கண்டுபிடிப்பதும் சுலபம். ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்லைடைச் சாய்த்துக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆலைப் பூச்சு அப்படியே இருந்தால் விளிம்புகள் கூராக, எழுத்துகளின் ஓரம் துல்லியமாக இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தது என்றால் விளிம்பு மழுங்கியிருக்கும், பாகங்களைப் பிணைக்கும் ஊசிகளின் துளை ஓரம் கிண்ணம்போல் குழிந்திருக்கும், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கோல்ட் குதிரை பாதி கரைந்திருக்கும். துரு அரித்த பள்ளத்தின் மேலேயே பளபளவென்று நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், துருப்பிடித்த பிறகு பூசியிருக்கிறார்கள். கை பட்டுப் பட்டுப் பழுப்பேறிய கைப்பிடியின் முன்பகுதியும் உறையில் உரசித் தேய்ந்த முனையும் நேர்மையான தேய்மானம். அதற்கு மரியாதை உண்டு.

சாதாரணப் பிஸ்டலை அரிய பொருளாக்கும் குறிகளும் சில உண்டு. அமெரிக்க அரசின் சொத்து என்ற பொறிப்பு இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவக் கொள்முதல். இந்த வகைதான் ஜெனரல்களுக்குக் கொடுக்கப்பட்டது, அந்தப் போரில் படை நடத்திய ஒமர் பிராட்லி உட்பட. யாருக்குக் கொடுத்தது என்று காட்டும் காகிதம் கூடவே இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். இதன் தம்பியான .380 மாடலில் ஷாங்காய் மாநகரப் போலீஸ் வாங்கியவை வேறு ரகம். சுடாமல் பூட்டும் சேஃப்டி நெம்புகோலை நகராதபடி ஒரு சிறு ஊசி அடித்து வைத்திருப்பார்கள். தெரியாதவர் பழுது என்று நினைத்துச் சரிசெய்து, அதன் சரித்திரத்தையே அழித்துவிடுவார்.

ஆகவே டிராயரில் இருக்கும் பழைய உறை, பெட்டி, ரசீது, கடிதம் எதையும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் கோல்ட் ஆவணப் பிரிவுக்குப் பணம் கட்டி ஒரு கடிதம் வாங்கலாம். எந்தத் தேதியில், எந்தப் பூச்சோடு, யாருக்கு அனுப்பினார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். தேய்ந்துபோன சாதாரண மூன்றாம் வகைக்கு இந்தச் செலவு தேறாது.

இணையத்தில் விற்பவர் போட்டிருக்கும் விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில், முடிந்த ஏலங்களில் அதே வகை, அதே நிலையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்து எடுத்துச் சொல்லுங்கள். விற்பது உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகவே நடக்கட்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது, வேறு மாநிலத்துக்காரர் வாங்கினால் உரிமம் பெற்றவர் இல்லாமல் நடக்காது. விலை கேட்க அந்தக் கடைக்காரர் ஒருவரிடம் மட்டும் போகாமல், வாங்கும் எண்ணம் இல்லாத இன்னொருவரிடமும் மதிப்பைக் கேட்கச் சொல்லுங்கள்.