உயிருக்குத் தோதான இடம் எது? காரைக்குடிக் கேள்வி பதில்

காரைக்குடியில் தொலைநோக்கி வைத்த மாலையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு என் பதில்கள். நடுவில் கிளம்பிய தகராறையும் விடவில்லை.

தேவகோட்டை ஆச்சி: தண்ணீர் இருந்தால் உயிர் இருக்கும்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தண்ணீர் மட்டும் போதாது ஆச்சி. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று சரக்கு வேண்டும். ஆற்றலும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே இடத்தில் நெடுங்காலம் கூடியிருக்கவும் வேண்டும். அந்த வகையில் எனக்குப் பிடித்தது சனியின் நிலவு என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீய்ச்சி அடிப்பதை காசினி விண்கலம் 2005இல் கண்டது. பனிக்கு அடியில் உப்புக் கடல். தோண்டவே வேண்டாம், கடலே வெளியே வந்து மாதிரி கொடுக்கிறது! 2015இல் காசினி அந்தப் பீச்சலுக்குள் புகுந்து பறந்தது. அதில் ஹைட்ரஜன் இருந்ததை 2017இல் அறிவித்தார்கள். கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனாக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் நம் பூமியிலேயே உண்டு. அவற்றுக்கு வெயில் வேண்டியதில்லை. பாஸ்பேட் இருப்பதும் 2023இல் தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: தோதான இடம் வேறு, உயிர் வேறு.

பள்ளத்தூர் மாணவி: யூரோப்பாவுக்குப் போகும் கலம் உயிரைக் கண்டுபிடிக்குமா ஐயா?

அதற்காக அனுப்பவில்லையம்மா. யூரோப்பா வியாழனின் பனி மூடிய நிலவு. அதைப் பார்க்கப் போகும் யூரோப்பா கிளிப்பர் கலம் 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030இல் வியாழனைச் சேரும். பனி எவ்வளவு தடிமன், கடலில் என்ன கரைந்திருக்கிறது, உயிர் பிழைக்கத் தோதா என்றுதான் பார்க்கும். மறுபடியும்: தோது வேறு, உயிர் வேறு.

கானாடுகாத்தான்: வெள்ளிக் கிரகத்தில் பாஸ்பீன்?

பூமியில் நுண்ணுயிர்களோடு தொடர்புள்ள வாயு அது. அங்கே இருப்பதாக 2020இல் சொன்னார்கள். இன்னும் சண்டை ஓயவில்லை.

பெயர் எழுதாத சீட்டு: ஏழரைச் சனி நடக்கிறது. சனியின் நிலவில் உயிர் இருந்தால் பரிகாரம் மாறுமா?

ஜோசியரிடம் கேளுங்கள்.

செவ்வாயில் உயிர் உண்டா? (சீட்டுக்குச் சீட்டு இதேதான்.)

இன்றுவரை உறுதியாக இல்லை. அங்கே ஜெசரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் பார்த்த புள்ளிபோட்ட பாறை சுவாரசியமானது, உயிரின் தடயமாக இருக்கலாம் என்கிறார்கள். ‘இருக்கலாம்’ என்பதை விழுங்கிவிட்டுப் பரப்பாதீர்கள்.

திருப்பத்தூர் இளைஞர்: 1976லேயே வைக்கிங் கண்டுபிடித்துவிட்டது, நாசா மறைத்துவிட்டது!

எதையும் மறைக்கவில்லை, தம்பி. வைக்கிங் செவ்வாயில் இறங்கிய கலம். அதில் கதிரியக்கக் கார்பன் கலந்த சத்துக் கரைசலை மண்ணில் விட்டார்கள்; மண்ணில் உயிர் இருந்து அதைத் தின்றால் வருவதுபோல் கதிரியக்க வாயு வந்தது. உயிர் இருந்தால் சாகட்டும் என்று மண்ணை 160 டிகிரியில் சுட்டபின் விட்டால் வரவில்லை. ஆனால் இன்னொரு கருவிக்கு மண்ணில் கரிமப் பொருள் (உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்மங்கள்) அகப்படவில்லை. கரைசல் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், 2021இல் இறக்கும்வரை உயிர்தான் என்று ஊரறிய வாதாடினார்.

இதைக் கேட்டதும், மின்வேதியியலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்துவிட்டார். “2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் கண்டது. ராக்கெட் எரிபொருளில் போடும் சரக்கு. அந்தக் கருவி மண்ணைச் சுட்டுத்தான் தேடியது; பெர்குளோரேட்டோடு சேர்த்துச் சுட்டால் கரிமப் பொருள் எரிந்துபோகும். அதனால் அகப்படவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.”

“அப்ப லெவின் சரிதானே?” என்றார் திருப்பத்தூர் தம்பி.

“இல்லை. இரண்டாம் முறை கரைசல் விட்டபோது வாயு பெருகவில்லை. உயிராக இருந்தால் மறுபந்தியிலும் சாப்பிட்டிருக்கும்.”

“தண்ணீரே பார்க்காததை முதல் பந்தியிலேயே முக்கிக் கொன்றுவிட்டோமோ என்னவோ!”

கூட்டம் சிரித்தது. ஆனால் தம்பி கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல, ஆய்வாளர்களும் கேட்டதுதான். என் கட்சி இருந்தாலும் வேதியியல்தான்: கதிர்வீச்சு பட்ட பெர்குளோரேட்டே இப்படி வாயு வரவழைக்கும் என்று பின்னாளில் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். இருவரும் தேநீர் ஆறும்வரை விடவில்லை. அதில் பாதிக் கேள்விகள் நின்றுபோயின.

கொத்தமங்கலம் செட்டியார்: நல்ல கலத்தைச் சனிக்குள் விட்டு எரித்தார்களே, காசு வீண்தானே?

காசினியைத்தானே சொல்கிறீர்கள்? அதன் எரிபொருள் தீரும் நிலையில் இருந்தது ஐயா. கட்டுப்பாடு போய் என்செலடஸில் விழுந்தால், கலத்தில் ஒட்டியிருக்கும் நம்மூர் நுண்ணுயிர் அங்கே இறங்கிவிடும். அதனால்தான் 2017 செப்டம்பர் 15இல் வேண்டுமென்றே சனிக்குள் இறக்கினார்கள்.

வேற்றுக்கிரகவாசி பற்றிய சீட்டுகளுக்குப் பதில் கிடையாது.