புதிய மடிக்கணினியில் லினக்ஸ் உறைந்து நிற்கிறதா?

கேள்வி: கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியில் பென்டிரைவ் வழியாக உபுண்டு லினக்ஸை நிறுவ முயன்றேன். சின்னம் தோன்றியதும் திரை கறுத்து அப்படியே நின்றுவிடுகிறது. மதுரை வெயிலில் கணினி சூடாகிப் பழுதாகிவிட்டதா? (மாணவர், திருமங்கலம்)

பதில்: தொடங்கிய சில நொடிகளிலேயே நிற்கும் கணினிக்கு வெயிலைக் காரணமாகச் சொல்ல முடியாது. பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன், அதில் என்விடியா வரைகலைச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவுடன் வரும் நூவோ என்ற கட்டற்ற இயக்கி (சில்லை இயக்கும் மென்பொருள்), புதிய சில்லுகளைக் கையாள முடியாமல் திணறும்போதுதான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்ற தேர்வு இருந்தால் அதன் வழியே செல்லுங்கள். இல்லையெனில், நிறுவலுக்கான வரியின் மீது நின்று 'இ' (E) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து, எஃப்10 விசையை அழுத்துங்கள்.

நிறுவி முடித்த பின் முதல் தொடக்கத்திலும் திரை உறையலாம். அப்போதும் இதையே செய்து உள்ளே நுழைந்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் என்விடியா இயக்கியை நிறுவுங்கள். அதன்பின் 'நோமோட்செட்' என்ற சொல் கிரப் அமைப்பில் நிலைத்திருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். அதை நிரந்தரமாக விட்டுவைத்தால் திரை ஒளியளவும் வெளித்திரை இணைப்பும் சரியாக இயங்காமல் போகக்கூடும். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். இவ்வளவு செய்தும் உறைந்தால், அதே வரியிலுள்ள 'குவயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சின்னத்துக்குப் பதிலாகச் செய்திகள் ஓடும். கடைசி வரிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், எங்கே தடைபடுகிறது என்பதை அறிய அது உதவும்.

கேள்வி: நிறுவும் திரையில் எஸ்எஸ்டி வட்டே தெரியவில்லை. (ஆசிரியை, மேலூர்)

பதில்: இன்டெல் கணினியானால், வட்டு ஆர்எஸ்டி என்ற இன்டெலின் வட்டு மேலாண்மை முறையில் அமைந்திருக்கலாம். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் உங்கள் கணினியில் விண்டோஸும் இருந்தால் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அது அடுத்த முறை தொடங்காமல் போகலாம். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியைக் குறித்துவைத்துக்கொண்டு, விண்டோஸ் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்த பின்னரே பயாஸைத் தொடுங்கள். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் போன்ற கோப்புகளை அதற்கு முன்பே வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. (உசிலம்பட்டி)

பதில்: பதிவிறக்கிய கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபார்த்து, வேறொரு பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் நின்றால் மெம்டெஸ்ட் கொண்டு நினைவகத்தைச் சோதியுங்கள். அதில் பிழை காட்டினால் மட்டும் உத்தரவாதத்தின் கீழ் கடைக்காரரை அணுகலாம்.

கேள்வி: உபுண்டு 24.04 நன்றாகவே நிறுவப்பட்டது. தூக்க நிலையிலிருந்து எழுப்பினால் உறைகிறது. (சோழவந்தான்)

பதில்: 2024 ஏப்ரலில் அந்தப் பதிப்பு வந்தபோது அதிலிருந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 6.8. அதற்குப் பின் சந்தைக்கு வந்த கணினியை அந்தக் கெர்னல் முழுமையாக அறிந்திருக்காது. 2025 பிப்ரவரியில் வந்த 24.04.2 பதிப்பில் 6.11 கெர்னல் உள்ளது. அதையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவுங்கள். அதுவரை, உறைந்தவுடன் மின்விசையை அழுத்திப் பிடித்து அணைக்காமல், ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் ஆகிய இரண்டையும் அழுத்தியவாறு எஸ், யூ, பி (S, U, B) விசைகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சில கணினிகளில் எஃப்என் விசையும் சேர வேண்டியிருக்கும். கெர்னல் முற்றிலும் செயலிழக்காதிருந்தால், நினைவகத்தில் காத்திருப்பவை வட்டில் எழுதப்பட்ட பிறகே கணினி மறுதொடக்கமாகும்.