கேட்டதும் சொன்னதும்: போனில் பாஸ்வேர்டு மேனேஜர்

கேள்வி: பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஒரு வருடமாக வைத்திருக்கிறேன், குறையே இல்லை. அதையே ஆண்ட்ராய்டு போனில் போட்டால் சில இடங்களில் தானாக நிரப்புகிறது, பல இடங்களில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆப்பைத் திறந்து, காப்பி செய்து, திரும்ப வந்து ஒட்டுவதற்குள் எரிச்சல் வருகிறது. வேறு ஆப்புக்கு மாறிவிடலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: மாறினாலும் இதே கதைதான் சார். கம்ப்யூட்டரில் அது பிரவுசருக்குள்ளேயே எக்ஸ்டென்ஷனாக, அதாவது கூடுதல் இணைப்பாக உட்கார்ந்திருக்கிறது, பக்கம் முழுக்க அதன் கண்ணில் படும். போனில் ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள் மூக்கை நுழைக்க முடியாது. ஆண்ட்ராய்டுதான் நடுவில் நின்று, இங்கே ஒரு பாஸ்வேர்டு கட்டம் இருக்கிறது, உன்னிடம் ஏதாவது உண்டா என்று கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடே 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோதுதான் வந்தது. ஐபோனில் அடுத்த வருடம், ஐஓஎஸ் 12-இல்.

முதலில் செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் இடத்தில் ‘ஆட்டோஃபில்’ (தானாக நிரப்புவது) என்று அடியுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனிலும் அது ஒவ்வொரு மூலையில் இருப்பதால் தேடுவதுதான் சுலபம். அங்கே கூகுள் தேர்வாகியிருந்தால் உங்கள் ஆப்புக்கு மாற்றுங்கள். அது மட்டும் போதாது, குரோம் பிரவுசருக்குள் தனியாக இன்னொரு ஆட்டோஃபில் செட்டிங் இருக்கிறது, அதிலும் ‘வேறு சேவை’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் இருக்கும் ஆப்களை அடைத்து வைக்கும் போன்களும் உண்டு, அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து இதற்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில ஆப்களில் வராது. நீங்கள் கம்ப்யூட்டரில் சேமித்தது இணையதள முகவரியோடு, போனில் திறந்திருப்பதோ ஒரு ஆப், அதற்கு முகவரி கிடையாது, வேறு அடையாளப் பெயர்தான். இரண்டும் ஒன்றுதான் என்று மேனேஜருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதனால் முதல் தடவை மட்டும் நீங்களே தேடி எடுத்து ‘நிரப்பிச் சேமி’ என்பது மாதிரி ஒரு பொத்தான் இருந்தால் அதைத் தட்டுங்கள். அடுத்த முறையிலிருந்து கீபோர்டுக்கு மேலேயே பெயர் வந்து நிற்கும்.

ஆனால் பிரவுசரில் வராமல் போனால் அவசரப்பட்டுக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். அது வேறு விஷயம். ஒரு எழுத்து மாற்றிய போலி வங்கிப் பக்கத்தை நம் கண் கவனிக்காது, அதுவும் போனில் முகவரி முழுதாகவே தெரியாது. மேனேஜர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒத்துப்போகவில்லை என்றால் வாயைத் திறக்காது. அதன் மௌனம்தான் எச்சரிக்கை. ஆப்களில் வராமல் வராமல் எல்லாவற்றையும் கையால் ஒட்டிப் பழகிவிட்டால் அந்த எச்சரிக்கை நமக்கு உறைக்காமல் போய்விடும், எரிச்சலைவிட எனக்கு அதுதான் கவலை.

அப்புறம் சில வங்கி ஆப்கள். பாதுகாப்பு என்று சொல்லி ஒட்டுவதையே தடுத்திருப்பார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டின் வழிகாட்டுதலே ஒட்ட விடுங்கள் என்றுதான் சொல்கிறது, கேட்பவர்கள்தான் இல்லை. அந்த மாதிரி இடங்களுக்கும், ரிமோட்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தேடும் டிவிக்கும், குறிகள் கலந்த 20 எழுத்துச் சிக்கலை உருவாக்காதீர்கள். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோர்க்கும் வசதி பெரும்பாலான மேனேஜர்களில் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய ஐ, சின்ன எல், எண் 1 மூன்றும் ஒரே குச்சியாகத் தெரிந்து மூன்று தடவை தப்பாக அடித்துக் கணக்கு பூட்டிக்கொண்ட அனுபவம் எனக்கே உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறார். ஆப்புக்கு மாற்றிவிடலாமா?
(திருச்சி வாசகி)

பதில்: எதற்கு? எங்கோ வெளியூரில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டாக இருந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஏடிஎம் கார்டையும் அதன் பின் நம்பரையும் அந்த நோட்டோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாகக் கைரேகை வைத்தே பாஸ்வேர்டு ஆப்பைத் திறந்து வந்தேன். புது போன் வாங்கியதும் மாஸ்டர் பாஸ்வேர்டு, அதாவது அந்த ஆப்பையே திறக்கும் பாஸ்வேர்டு கேட்கிறது. சுத்தமாக நினைவில்லை. ஆப் கம்பெனிக்கு எழுதினால் ‘எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார்கள்.
(கோவை வாசகர்)

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் பாஸ்வேர்டுகள் மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டித்தான் அவர்களிடம் போகின்றன, சாவி அவர்களிடம் இல்லை. பழைய போன் கையில் இருக்கிறதா? இருந்தால் பிழைத்தீர்கள். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்த ஆப்பில் லாக் அவுட் கொடுக்காதீர்கள், முடிந்தவரை போனை அணைக்கவும் வேண்டாம். முக்கியமாக, புது விரல் எதையும் பதிவு செய்யாதீர்கள், அப்படிச் செய்தால் பல ஆப்கள் கைரேகையை நம்பாமல் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டுவிடும். எல்லாப் பாஸ்வேர்டையும் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுக்கப் போனாலும் அதையே கேட்க வாய்ப்பு அதிகம். அதனால் கைரேகையால் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, புது போனில் புதுக் கணக்கு தொடங்கிக் கையால் ஏற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து வங்கி. இமெயில் கைக்கு வந்துவிட்டால் மற்ற பெரும்பாலானவற்றை ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ போட்டே மீட்டுவிடலாம்.

புது மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், கைரேகை வைக்காமல் அதை அடித்தே ஆப்பைத் திறங்கள்.