‘டூயல் டிஸ்பிளே’ என்றுதானே போட்டிருந்தது?

மடிக்கணினியின் ஒரே ஒரு டைப்-சி துளையிலிருந்து மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், இணையக் கேபிள், சார்ஜர் என எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள உதவும் யூ.எஸ்.பி. டாக் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்கள் மீதான வசைகளை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் இருக்கிறது. ‘டூயல் எச்.டி.எம்.ஐ., மேக், விண்டோஸ் இரண்டுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்த, மானிட்டருக்கான எச்.டி.எம்.ஐ. துளைகள் இரண்டு உள்ள டாக் ஒன்றை இணையத்தில் 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மானிட்டர்களிலும் ஒரே படம்தான் வருகிறது. ‘விண்டோஸில் சரியாக வேலை செய்கிறது, குறை உங்கள் மேக்கில்தான்’ என்று விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரே கேபிளில் வரும் படத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனித் திரைகளாகக் காட்டும் எம்.எஸ்.டி. என்ற முறையை விண்டோஸ் ஏற்கிறது, மேக் ஏற்பதில்லை. அதனால்தான் இரண்டிலும் ஒரே படம் தெரிகிறது. போதாததற்கு, 2020-இல் வந்த எம்1 ஏரும் 2022-இல் வந்த எம்2 ஏரும் வெளியே ஒரு மானிட்டரை மட்டுமே இயக்கக்கூடியவை. எம்3 ஏரில் மூடியைச் சாத்தி வைத்தால் இரண்டு கிடைக்கும். எம்4-இல் மூடி திறந்திருந்தாலும் கிடைக்கும். உங்கள் கணினியில் இரண்டு தனித் திரைகள் வேண்டுமானால் ‘டிஸ்பிளேலிங்க்’ சிப் உள்ள டாக்தான் வழி. அது படத்தைச் சுருக்கிச் சாதாரணத் தரவாக அனுப்பும் ஏற்பாடு என்பதால் தனி மென்பொருளை நிறுவி, திரைப்பதிவு அனுமதியும் தரவேண்டும். கட்டணத் திரைப்படத் தளங்கள் அதில் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். அலுவலக வேலைக்கு அதனால் கேடில்லை.

பணத்தை விடாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் ‘மேக்’ என்றும் ‘டூயல்’ என்றும் எழுதியிருப்பதை, அவர்கள் திருத்துவதற்குள், இன்றே படமெடுத்து வையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அங்கே அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேல் போனால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: என் மடிக்கணினியில் டைப்-சி துளை இருக்கிறது. டாக்கில் பென் டிரைவ் வேலை செய்கிறது, மானிட்டர் வரவில்லை. அந்த டாக் பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கினேன். அதிலும் வரவில்லை. மூன்றாவதாக எதை வாங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: எதையும் வாங்காதீர்கள். டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயரே தவிர, அதற்குள் என்ன ஓடுகிறது என்பதற்கான உத்தரவாதம் இல்லை. தரவு மட்டும் போகும் டைப்-சி உண்டு. தரவோடு படமும் மின்சாரமும் போகும் டைப்-சியும் உண்டு. துளைக்குப் பக்கத்தில் ஆங்கில ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ பொறித்த குறியோ, ‘தண்டர்போல்ட்’ என்ற அதிவேக இணைப்பைக் காட்டும் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறியே இல்லையென்றால் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில், படத்தை அனுப்பும் முறையின் பெயரான ‘டிஸ்பிளேபோர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை முதல் டாக்குக்கு முன் செலவழிக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இரண்டாவதற்கு முன்னும் செலவழிக்காததை எப்படிப் பொறுப்பது? மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் மானிட்டரை அதில் நேராக மாட்டுங்கள், முதல் டாக்கை மற்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைத் திருப்பி அனுப்ப நாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மேசைக் கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ளது, மானிட்டரில் டைப்-சி. ‘டைப்-சி டூ எச்.டி.எம்.ஐ.’ கேபிளைத் திருப்பி மாட்டினால் போதும்தானே? (வாசகர், திருச்சி)

பதில்: போதாது. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை.

கேள்வி: மிக நுணுக்கமான படம் தரும் 4கே மானிட்டர் வாங்கி, ‘4கே’ என்று போட்ட ஹப்பில் (சிறிய டாக்) மாட்டினேன். படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் மவுஸை அசைத்தால் அம்புக்குறி தத்தித் தத்தி வருகிறது. மானிட்டரை மாற்றவா? (வாசகி, சேலம்)

பதில்: மாற்றாதீர்கள்; அந்தத் தவறை உங்களுக்கு முன்பே நான் செய்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் 1,400 ரூபாய்க்கு ஒரு ஹப் வாங்கினேன். பக்கத்தை மேலே தள்ளும்போதெல்லாம் எழுத்துகள் ஈரச்சுவரில் எழுதியதுபோல இழுபட்டன. மானிட்டரைக் குற்றஞ்சாட்டிக் கடைக்காரரோடு சண்டை பிடித்து, நல்ல மானிட்டரைத் திருப்பிக் கொடுத்து, வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே இழுப்பு. குப்பையில் போடுவதற்காக ஹப்பின் பெட்டியைக் கவிழ்த்தபோது அடிப்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் ‘30 ஹெர்ட்ஸ்’, அதாவது நொடிக்கு 30 முறை, என்று இருந்தது. பெட்டியின் முகப்பில் ‘4கே’ மட்டும் கட்டைவிரல் பருமனில் இருந்தது.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் 4கே என்று மட்டும் சொல்வது, எட்டு முழம் என்று வேட்டியின் நீளத்தைச் சொல்லி அகலத்தை மறைப்பதற்குச் சமம். முழு வசதியுள்ள டைப்-சி இணைப்பில் அதிவேகத் தடங்கள் நான்கு உண்டு. பெரும்பாலான ஹப்கள் இரண்டை யூ.எஸ்.பி. 3 தரவுக்கும் இரண்டைப் படத்துக்கும் ஒதுக்குகின்றன. 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப ஏறத்தாழ 12 ஜிகாபிட் வேண்டும், டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்கள் சுமப்பதோ 8.6 ஜிகாபிட்தான். எனவே படம் 30-க்கு இறங்கிவிடுகிறது. கணினியும் ஹப்பும் டிஸ்பிளேபோர்ட் 1.4-ஐ ஏற்றால் அதே இரண்டு தடங்களில் ஏறத்தாழ 13 ஜிகாபிட் போகும், 60 கிடைக்கும். இதையெல்லாம் வாங்குகிறவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ‘4கே, 60 ஹெர்ட்ஸ்’ அல்லது ‘4கே, 30 ஹெர்ட்ஸ்’ என்று முகப்பில் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டால் தீர்ந்தது. அச்சிட மாட்டார்கள், 30 என்று தெரிந்தால் நாம் வாங்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புது ஹப் வாங்கும்வரை திரையின் அளவை 2560 × 1440-க்குக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 60 வந்துவிடும், எழுத்துகளின் கூர்மை மட்டும் சற்றுக் குறையும்.

கேள்வி: டாக்கில் வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது. பேட்டரி மாற்றியாயிற்று. (வாசகர், புதுச்சேரி)

பதில்: மவுஸின் ரிசீவர் டிஸ்க்குக்கு அடுத்த துளையில் இருக்கும், சரியா? யூ.எஸ்.பி. 3 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். உங்கள் மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் நிறுவனம் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் மாட்டி டாக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: ‘100 வாட்’ டாக் வாங்கினேன். கணினியோடு வந்த 65 வாட் சார்ஜரை அதில் செருகினால் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று வருகிறது. டாக் போலியா? (வாசகர், ஓசூர்)

பதில்: போலியில்லை. 100 என்பது அதன் வழியாகப் போகக்கூடிய உச்ச அளவு. நீங்கள் ஊற்றுவது 65. அதிலும் டாக் தன் செலவுக்கு 10 அல்லது 15 வாட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணினிக்கு விடும். 100 வாட் சார்ஜர் வாங்கும்போது 5 ஆம்பியர் என்று குறிப்பிட்ட கேபிளும் வாங்குங்கள், ஏனெனில் சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும். நான் சார்ஜரை மட்டும் வாங்கிவிட்டு, கேபிளுக்காக மறுநாள் மீண்டும் கடைக்குப் போனவன்.

கேள்வி: ஒரு மானிட்டர், ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், இவ்வளவுதான் என் மேசை. 24,000 ரூபாய்க்குத் தண்டர்போல்ட் டாக் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம்.