இருபது வருடத்துக்கு மேல் மேலூர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் தாத்தாவின் டிவிஎஸ் 50 மறுபடி ஓடுமா?

தாராளமாக ஓடும், காயலான் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். 1980-ல் வந்த இந்த வண்டி டூ ஸ்ட்ரோக், வால்வு கிடையாது, அதனால் கெட்டுப்போக இருக்கும் பாகமே குறைவு.

ஆனால் ஆசையில் உடனே பெடலை மிதிக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள், அப்புறம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் துருவில் பிடித்திருந்தால் மேலும் ஊறட்டும், வலுக்கட்டாயமாகத் திருப்பினால் ரிங் உடையும்.

டேங்கில் பழைய பெட்ரோல் அரக்கு நிறத்தில் பிசினாகி நாறும். அதைக் கொட்டிக் கழுவுங்கள், பெட்ரோல் டியூபை மாற்றுங்கள், கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித் துளையில் வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பார்க் வரவில்லையா? மேக்னட்டுக்குள், ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டில் பாசி மாதிரி அழுக்கு படிந்திருக்கும், மெல்லிய எமரித்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க மறக்கவே கூடாது, லிட்டருக்கு 20 முதல் 25 மில்லி. ஓடும்போது ஆக்சிலரேட்டரைத் திருகாமலே இன்ஜின் வேகம் தானாக ஏறினால் உடனே நிறுத்துங்கள், கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீல் காய்ந்து காற்று இழுக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டயர், பிரேக் ஷூ புதிதாகப் போடுங்கள். ஆர்சி 15 வருடத்தோடு முடிந்திருக்கும், புதுப்பிக்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.