தார்ப்பாய்க்குள் இருந்த தேர்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்துக்காரன் நான். இப்போது இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் வேலை. போன வருடம் அலுவலக நண்பரோடு பங்கு போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். 1950களில் கட்டியது. முப்பதடி நீளம், ஓக் வங்குகள் (படகின் விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள்), மகாகனிப் பலகைகள். மலிவாகக் கிடைத்தது, ஏன் மலிவு என்று பிறகுதான் தெரிந்தது. அடிவயிறு வளைகிற இடத்தில் நான்கு வங்குகள் விரிசல் விட்டிருக்கின்றன. பின்பக்கம் மேல்தளத்தை ஒட்டி இரண்டு பலகைகள் இற்றுப்போய், விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. பட்டறையில் கேட்கிற கூலி படகின் விலையைவிட அதிகம். வெளியே முழுக்க ஃபைபர் கிளாஸ் போர்த்தி ரெசின் பூசிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? மரத்தையெல்லாம் மாற்றினால் அது அதே படகுதானா? இதற்குத் தமிழில் நூல் ஏதும் உண்டா? அப்பாவிடம் சொன்னால், “வைகையிலயே தண்ணி இல்ல, உனக்கு எதுக்குடா கப்பல்” என்கிறார்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அப்பா கேட்டது நியாயம்தான். ஆனால் மதுரைக்காரனுக்கு மிதப்பதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பத்தில்தான் வலம் வருகிறார்கள். குளம் வறண்ட வருடங்களில் தெப்பம் தரையிலேயே நின்றதும் உண்டு. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

நூலை விடுங்கள். புது வங்குக்காக ஆவியில் வெந்த ஓக் கட்டையை ஆவிப் பெட்டியிலிருந்து உருவி வளைக்க உங்களுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பக்கம் புரட்ட முடியாது.

‘அதே படகுதானா’ என்பது விடுதி மொட்டைமாடியில் இரவு இரண்டு மணிக்குக் கேட்கிற கேள்வி. உங்களுக்குப் பக்கத்து ஊரான போர்ட்ஸ்மத்தில் விக்டரி நிற்கிறது. 1765ல் தண்ணீரில் இறங்கிய போர்க்கப்பல். அதில் மாற்றிய மரத்துக்கு அளவே இல்லை. யாரும் அதை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

சரி, ரெசினுக்கு வருகிறேன். அந்த வரியைப் படித்ததும் எங்கள் ஊர்த் தேர்தான் நினைவுக்கு வந்தது. மறுபடி தேர் வேலை என்று ஊரில் பேச்சு எழுந்திருப்பதால் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் நான் பள்ளியில் படித்த காலத்தில் தேர் நின்றுபோனது. கொட்டகைத் தகரம் ஒரு காற்றில் பறந்ததும், பெரியவர்கள் கூடிப் பேசி புத்தம்புதுத் தார்ப்பாய் வாங்கினார்கள். உச்சியிலிருந்து சக்கரம் வரை போர்த்தி, கயிற்றால் வரிந்து கட்டினார்கள். எறும்பு நுழைய இடமில்லை. தேரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோருக்கும் திருப்தி.

சமரசம் ஆகி, தார்ப்பாயை அவிழ்த்த அன்று நான் அங்கே இருந்தேன். முதலில் வந்தது வாடை. மூடிவைத்த குதிருக்குள் தலையை விட்டது போல இருந்தது. பார்வைக்குத் தேர் நன்றாகத்தான் இருந்தது. யாளிகள் யாளிகளாகவே நின்றன. வார்னிஷ் அடித்து ஓட்டிவிடலாம் என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். வந்திருந்த ஆசாரி பதில் சொல்லவில்லை. உளியின் பிடியால் சட்டம் சட்டமாகத் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த ஓசை ஒரு மூலையில் தொப்பென்று அடங்கியது. மூட்டை தைக்கிற கோணூசியை மடியிலிருந்து எடுத்து அங்கே வைத்து அழுத்தினார். இரண்டு விரல்தான். ஊசி காது வரை இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமாகக் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

அப்புறம் அவர் ரம்பத்தை எடுத்தார். சண்டை அங்கேதான் தொடங்கியது. கறுத்த இடம் ஒரு சாண்தான். அவர் கோடு போட்டதோ அதைத் தாண்டி இரண்டடி தள்ளி. “நல்ல இலுப்பையப் போயி அறுக்குறானே” என்று கமிட்டியே கூடிக் கத்தியது. அவர் அசையவில்லை. “நீங்க பாக்குறது வந்து சேந்த எடம். அது கெளம்பிப் போற எடம் எனக்குத் தெரியும்” என்றார். அறுத்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். பார்வைக்கு நல்லதாக இருந்த மரத்துக்குள், நார் ஓடுகிற திசையில், பழுப்பாக ஒரு கோடு உள்ளே போயிருந்தது. கோடு முடிந்த இடம் வரை அறுத்து, அதற்குமேலும் ஒரு முழம் அறுத்தார்.

எஸ்., உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான், திரும்பத் திரும்பச் சொல்வேன். மரம் வயதால் இற்றுப்போவதில்லை. மரத்தைத் தின்பது பூஞ்சை. ஈரம் மரத்தின் காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல் போனால் அது வேலையைத் தொடங்கிவிடும். உப்பு அதற்கு ஆகாது. அந்தக் காலக் கப்பல்களில் வங்குகளுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்ததே அதற்காகத்தான். அதனால் பெரும்பாலான மரப்படகுகளைக் கெடுப்பது கீழே இருக்கிற கடல் அல்ல, மேலேயிருந்து வருகிற மழைத்தண்ணீர். உங்கள் பலகை எங்கே இற்றிருக்கிறது? மேல்தளத்தை ஒட்டி. தண்ணீர்க்கோட்டுக்கு மேலே! அது கடல் செய்த வேலையா? தளத்தில் எங்கோ ஒழுகுகிறது ஐயா. அதைக் கண்டுபிடிக்காமல் வெளியே ரெசினைப் பூசினால், வருகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உட்காரும். பலகை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கிற ரெசின் ஓடு அசையாது. ஒரு நாள் ஓடு தனியாகப் பிரியும். அதற்குள் உள்ளே வங்கெல்லாம் தூளாகியிருக்கும். வெளியே மட்டும் பளபளவென்று இருக்கும், நம் ஊரில் காரை உதிர்கிற பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு சிமெண்ட் பூசி டிஸ்டெம்பர் அடித்து வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. அதைப் பற்றித் தனியாகவே திட்ட வேண்டும்.

நன்கு காய்ந்து, வங்கும் பலகையும் திடமாக இருக்கிற படகுக்குத் தெரிந்தவர் கையால் போர்த்தினால் அதுவும் ஒரு வழிதான். உங்கள் படகு அப்படி இல்லை.

வங்கு விரிசல் வேறு கதை. வளைவில்தான் ஓக் அதிகம் இழுபட்டிருக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்து ஊதியிருந்தால் கேட்கவே வேண்டாம். உடைந்ததற்குப் பக்கத்திலேயே புது வங்கு ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். ஆனால் விரிசலை மட்டும் மறைக்கிற அளவுக்குக் குட்டையாக வைக்காதீர்கள். அது முடிகிற இடத்தில் அடுத்த விரிசல் விழும். இரண்டு பக்கமும் நன்றாகத் தாண்டிப் போகட்டும், எல்லா நுனியும் ஒரே வரிசையில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை ஓக்காகக் கேட்டு வாங்குங்கள். சூளையில் உலர்த்தியது ஒடியும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி. எல்லாவற்றுக்கும் முன்னால் படகின் உடலுக்குச் சரியாக முட்டுக் கொடுங்கள். ஒரே சமயத்தில் பலகைகளைக் கழற்றிக் குவித்தால் படகின் உருவமே போய்விடும்.

பலகைக்குப் பலகை ஒட்டும்போது இரண்டு நுனிகளையும் சாய்வாகச் சீவி ஒட்டுவார்கள். அந்தச் சாய்வு வெட்டின் நீளம் தடிமனைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தால் நிம்மதி. பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பத்துப் பஞ்சை ஆசை தீர அடித்து இறுக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை உப்பித் தானே இறுகும். அப்போது இடமில்லை என்றால் வங்கின் ஆணியைப் பிடுங்கும். முதல் சில நாள் ஒழுகினால் பயப்படாதீர்கள்.

பட்டறைக் கூலி படகின் விலையைவிட அதிகம் என்று வருத்தப்படுகிறீர்கள். படகு அந்த விலைக்குக் கிடைத்ததே இந்தக் கூலியைக் கழித்துக்கொண்டுதானே? வங்கு வேலையை அவர்களிடம் விடுங்கள். சுரண்டுவது, காய வைப்பது, பெயின்ட் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் செய்யலாம். இளைஞர்கள், சனி ஞாயிறு இருக்கிறது.

ஆனால் ஒரு பலகையையும் தொடுவதற்கு முன்னால், மேல்தளத்தின் மீது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பாய்மரத்தைச் சுற்றி, ஜன்னல் ஓரம், பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி தளத்துக்குள் இறங்குகிற துளை என்று ஒவ்வோர் இடமாக, பொறுமையாக. கீழே ஒருவர் டார்ச் லைட்டோடு மல்லாந்து படுத்து எங்கே சொட்டுகிறது என்று பார்க்கட்டும். உங்கள் நண்பரையே படுக்க வையுங்கள். ரெசின் யோசனை அவருடையதுதானே.