1918 ஃப்ளூ திரும்பி வந்தால் தாங்குவோமா?

கேள்வி: எனக்கு வயது 32, ஆரோக்கியமாக இருக்கிறேன். 1918-இல் உலகை உலுக்கிய ஃப்ளூவைப் பற்றிச் சில மாதங்களாக விடாமல் படிக்கிறேன். என் வயதுக்காரர்களே அதிகம் இறந்தார்கள் என்று தெரிந்ததிலிருந்து, லேசாக உடம்பு சுட்டாலே பயம் வந்துவிடுகிறது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் தாங்குவோமா, டாக்டர்?

பதில்: அந்த நோய்மேல் எனக்கும் தீராத ஆர்வம் உண்டு. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைத் தொற்றி, குறைந்தது 5 கோடிப் பேரின் உயிரைக் குடித்தது என்கிறார்கள். சாதாரண ஃப்ளூ குழந்தைகளையும் முதியவர்களையும்தான் குறிவைக்கும். அந்த முறை 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்களும் கொத்துக் கொத்தாக இறந்தது உண்மை.

ஆனால் அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதையும் படியுங்கள். சிலரை வைரஸே ஓரிரு நாளில் முடித்துவிட்டது. பெரும்பாலோர் விஷயத்தில் நடந்தது வேறு: வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சவ்வை அரித்துவிட, மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கின. பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது இது தெளிவானது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல். அன்றைய மருத்துவர்கள் எதிரி யாரென்றே தெரியாமல் போராடினார்கள். பாவம்.

இன்று நம்மிடம் ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், தடுப்பூசி, ஃப்ளூ வைரஸையே எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் போன்ற மருந்துகள் எல்லாம் உண்டு. அந்தப் பழைய வைரஸின் வாரிசுகள் நம்மிடையே சுற்றிக்கொண்டே இருந்ததால், அதற்கு எதிராக ஓரளவு எதிர்ப்பாற்றலும் இருக்கிறது. என் கவலை, நம் உடல் பார்த்தே இராத புது ஃப்ளூ வைரஸைப் பற்றியது. அதற்கான தடுப்பூசி பரவலாகக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது அப்படித்தான் ஆனது. 1918-இன் கொடூரமான இரண்டாம் அலையோ சில வாரங்களிலேயே ஊர் ஊராகப் புகுந்து வாரிக்கொண்டு போனது. அத்தோடு, சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்கி, அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை நாமே வளர்த்துவருகிறோம். உண்மையிலேயே எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் அவசியம் போடவேண்டும். 1918-இல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. லேசான காய்ச்சலுக்கு ஓய்வும் நீராகாரமும் போதும். காய்ச்சல் குறைந்து, தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது மறுபடி ஏறினால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். பாக்டீரியா நிமோனியா பெரும்பாலும் இப்படித்தான் வரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், குழப்பமான பேச்சு, உதட்டில் நீலம் பாய்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம், இந்தப் பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதையும் உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.